மார்லிஸ் பூட்ஸோடு உள்ளே வந்த நாள்

பதினோரு வருஷமாக நான் அடி வாங்கிக்கொண்டிருக்கிறேன். பதறாதீர்கள், அது வேலை. எங்கள் ஊர் கம்யூனிட்டி காலேஜில் காலையிலிருந்து மதியம் வரை கேன்டீனில் சூப் காய்ச்சுவேன். போலீஸ் படிப்புக்காரர்களுக்குப் பரீட்சை என்றால், அதற்கப்புறம் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் ஊதா மையைத் தடவிக்கொண்டு, புருஷன் கையால் அடிபட்ட பெண்டாட்டியாகப் போய் உட்காருவேன். மைதானத்துக்கு அந்தப் பக்கம் தச்சுப் படிப்புக்காரர்கள் கட்டிய சின்ன வீடு ஒன்று இருக்கிறது. ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. அதுதான் என் புகுந்த வீடு.

புருஷன் வெல்டிங் வாத்தியார் டெல்பர்ட். ஆள் ஆறடி நாலு அங்குலம், கை ஒவ்வொன்றும் மண்வெட்டி மாதிரி, ஆனால் ஈயை அடிக்கவும் யோசிப்பார். "மன்னிச்சுக்கோ ஆர்டிஸ், இப்ப கத்தப் போறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கத்துவார். கத்தி முடித்ததும் "ரொம்பக் கத்திட்டேனா?" என்பார். நிஜத்தில் இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்த்தான், சொல்லுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது மார்லிஸ் ட்வெய்ட்டைப் பற்றி.

மார்லிஸ் படிக்க வந்தபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், வடக்கு மூலையில், கனடா எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், அறுபது மாடு வைத்துப் பால் கறந்தவள். பால் லாரி சின்னப் பண்ணைகளுக்கு வருவதை நிறுத்தியதும் மாடுகளை விற்றுவிட்டாள். அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஒருநாள், யாரோ ஒரு குடிகாரன் வழி தவறி வந்து அவளுடைய பால் அறையில் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று கலாட்டா செய்தான். போன் போட்டாள். எங்கள் பக்கத்துப் போலீஸான ஷெரிப் ஆபீஸிலிருந்து ஆள் வந்து சேர ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. வந்து பார்த்தால் குடிகாரன் முகம் கழுவி, தலை வாரி, இறைச்சியும் உருளைக்கிழங்குமாக ஒரு தட்டு ஹாட்டிஷ் சாப்பிட்டு முடித்து, கன்றுக்குட்டிக்குப் பால் புகட்டிக்கொண்டிருக்கிறான்.

வந்த டெபுடிப் போலீஸ்காரன் போகும்போது, "நீங்களே இந்த வேலைக்கு வந்துடலாமே" என்று சிரித்துக்கொண்டு சொன்னானாம். எங்கள் பக்கத்தில் வாசலில் நின்று விடைபெற அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணியில் ஆயிரம் சொல்வோம், எதுவும் கணக்கில்லை. மார்லிஸ் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாள். மினசோட்டாவில் போலீஸ் ஆக இரண்டு வருஷம் காலேஜ் படித்தாக வேண்டும். மாடு போன மறுவாரமே வந்து பெயரைக் கொடுத்துவிட்டாள்.

வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது வயது. ஓட்டத்தில் அவள்தான் கடைசி. கடைசி என்றால் சும்மா இல்லை, மற்றவர்கள் குளித்துவிட்டு என் சூப்பைக் குடித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே அவள் ஓடிக்கொண்டிருப்பாள். ஆனால் ஆளை மடக்கிக் கீழே போடும் பயிற்சியில், கால்பந்து ஆடுகிற தடியன் ஒருவனை ஊசி போடக் கன்றைச் சாய்ப்பது போல ஒரே திருப்பில் சாய்த்து, முழங்காலை வைத்து, "அசையாத கண்ணு, முடிஞ்சிடுச்சு" என்றாள். அவன் ஒரு வாரம் என் கண்ணைப் பார்த்துச் சூப் வாங்கவில்லை. மிளகு ஸ்ப்ரேயை முகத்தில் அடிக்கும் நாளில் பிள்ளைகளெல்லாம் தாயே தகப்பனே என்று கதறினார்கள். இவள் மூக்கைச் சிந்திவிட்டு, "மார்ச் மாசத்துல எங்க மாட்டுக் கொட்டகை நெடியை வந்து பாருங்க" என்றாள்.

அவளுடைய ரிப்போர்ட்டுகளும் அப்படித்தான். 'வீட்டுக்காரர் கோபமாக இருந்தார். நாய் நல்ல நாய்.' இரண்டே வரி. வாத்தியார் ஆரின் சாண்ட்விக் அதை வகுப்பில் படித்துக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். ஆரின் இருபது வருஷம் எங்கள் கவுண்டியில் டெபுடியாக இருந்து, முழங்கால் போனதும் வாத்தியாராக வந்தவர். தினமும் பதினொன்றரைக்கு வருவார், சூப் வாங்குவார், "இன்னிக்குக் காத்து அதிகம்" என்பார், போவார். பதினோரு வருஷமாக எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வடக்குப் பக்கத்துக்கென்று ஒரு டெபுடி வேலை போட ஷெரிப் ஒருவழியாகச் சம்மதித்திருந்தார். ஏப்ரல் முதல் தேதிக்குள் ஆள் வேண்டும். அந்தக் காட்டுக்கு வருகிறேன் என்று கை தூக்கியது மார்லிஸ் ஒருத்திதான். அவள் பாஸ் செய்யவில்லை என்றால் அந்த வேலை ஏரிக்கரைப் பக்கம் போய்விடும். அங்கே கோடையில் பணக்காரர்கள் வந்து தங்குகிறார்கள், கேட்க ஆள் இருக்கிறது. வடக்கில் இருப்பவர்கள் மறுபடியும் ஐம்பத்திரண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டியதுதான். எழுத்துப் பரீட்சை எல்லாம் அவள் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது என் வீட்டுக்கு வந்து சண்டையைத் தீர்க்கும் பரீட்சை. அதற்கு மூன்று வாய்ப்பு, நாலாவது கிடையாது.

முதல் வாய்ப்பு பிப்ரவரியில். வெளியே முழங்கால் பனி. டெல்பர்ட் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கத்தினார். கதவு தட்டப்பட்டது. "ஷெரிப் ஆபீஸ்!" என்று மார்லிஸின் குரல். நல்ல கம்பீரமான குரல். கதவைத் திறந்தேன். உள்ளே வந்தாள், மிதியடியில் நின்றாள், குனிந்து பூட்ஸைக் கழற்றினாள். இரண்டையும் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். இடுப்பில் பெல்ட், அதில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கி, தோளில் ரேடியோ, காலில் சாம்பல் கம்பளி சாக்ஸ்.

எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகவே தெரியவில்லை. பனிக்காலத்தில் பூட்ஸோடு அடுத்தவர் வீட்டுக்குள் போகிறவன் மனுஷனா? மூலையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த ஆரின்தான் கண்ணை மூடிக்கொண்டார். பரீட்சைப்படி டெல்பர்ட் பின்கதவு வழியாக ஓடினார். துரத்திய மார்லிஸ் சமையலறைத் தரையில் சறுக்கி அடுப்பில் போய் மோதினாள்.

"ட்வெய்ட், ஓடுறவனை சாக்ஸோட பனியில துரத்துவியா?" என்று ஆரின் கேட்டார்.

"தரை அப்பத்தான் துடைச்ச மாதிரி இருந்துச்சு சார்" என்றாள்.

இரண்டாவது வாய்ப்பைக் கெடுத்தது நான். ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தடவை பூட்ஸைக் கழற்றவில்லை. காலைத் தூக்கித் தூக்கி, தரைக்கு வலிக்குமோ என்பது போல நடந்து வந்தாள். எனக்குக் கொடுத்த வசனத்தில், போலீஸ்காரருக்கு ஒரு தடவை காப்பி கொடுக்கப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அது ஒரு பொறி. வாங்கினால் துப்பாக்கி எடுக்க வேண்டிய கை மாட்டிக்கொள்ளும். நான் கேட்டேன். "வேண்டாங்க, பரவாயில்ல" என்றாள். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் ஒரு தடவை கேட்டுவிட்டு விடுபவளை என்னவென்று சொல்வார்கள்? என்னை அறியாமல் மறுபடி கேட்டேன். "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்." மூன்றாவது தடவையும் கேட்டுத் தொலைத்தேன். மூன்றாவது தடவை கேட்டால் வாங்கியே ஆக வேண்டும், வாங்காவிட்டால் வீட்டுக்காரிக்கு அவமரியாதை. "சரி, அரை கப்" என்று வலது கையை நீட்டி வாங்கினாள். டெல்பர்ட் பின்னாலிருந்து துப்பாக்கியை உருவிக்கொண்டு, "மன்னிச்சுக்கோ மார்லிஸ்" என்றார்.

மறுநாள் அவள் கேன்டீனில் சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னால உன் வேலை போச்சுடி" என்றேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க. நானே வாங்கிட்டேன்ல. வடக்குல எல்லாரும் என்னைக் கேக்கறாங்க ஆர்டிஸ், எப்ப வர்ற எப்ப வர்றன்னு. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு பதில் சொல்றது?"

அந்த நேரம் பார்த்து ஆரின் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ட்வெய்ட், பூட்ஸும் காப்பியும் பெரிய விஷயம் இல்ல. அதைத் திருத்திடலாம். ரெண்டு தடவையும் உள்ள போய் நீ என்ன கேட்ட, ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் நல்லா இருக்கீங்கதானேன்னு கேட்டேன்."

"யாரை வச்சுக்கிட்டு?"

அவள் டெல்பர்ட் பக்கம் பார்த்தாள். அவர் தூரத்தில் பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "புருஷனை வச்சுக்கிட்டு" என்றாள்.

"புருஷன் பக்கத்துல நிக்கிறான், நீ நல்லா இருக்கீங்கதானேன்னு கேக்கற. அவ வேற என்ன சொல்லுவா? நீ விருந்தாளியா போற. விருந்தாளி கேக்கக் கூடாத ஒண்ணு இருக்கு, அதைக் கேக்கத்தான் உன்னை அனுப்பறாங்க." இதைச் சொல்லிவிட்டு அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

சரியான பேச்சு. ஆனால் எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரன் கொட்டகை தீப்பிடித்தாலும் நாங்கள், "வெளிச்சமா இருக்கு போல" என்றுதான் ஆரம்பிப்போம்.

மூன்றாவது வாய்ப்பு மார்ச் இருபத்தி நாலு, மதியம் இரண்டு மணி. அன்று சாயத்தைக் கன்னத்தில் பூச வேண்டியவள் காதில் பூசிக்கொண்டேன். டெல்பர்ட் கத்தினார், கதவு தட்டப்பட்டது, மார்லிஸ் வந்தாள். பூட்ஸ் காலில் இருந்தது. பனியும் சேறுமாக என் ஹால் முழுக்கத் தடம் பதிந்தது. நான் காப்பி கேட்டேன், ஒரே ஒரு தடவை. "வேண்டாம்" என்றாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சார், நீங்க இந்த நாற்காலியில உக்காருங்க. நான் உங்க மனைவிகிட்ட பேசணும்" என்று டெல்பர்ட்டை ஹாலில் உட்கார வைத்தாள். என்னைச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். அவர் கண்ணுக்கு நானும் என் கண்ணுக்கு அவரும் படாத இடமாகப் பார்த்து நிறுத்தி, தான் நடுவில் நின்றுகொண்டாள். ஆரின் அட்டையோடு பின்னாலேயே வந்து குளிர்சாதனப் பெட்டியோரம் நின்றார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

இதற்கு என் வசனம் 'படியில விழுந்துட்டேன்'. ஆரின் எழுதிக் கொடுத்தது. சரியாகக் கேட்கும்வரை அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்தில் முந்நூறு நானூறு தடவை சொல்லியிருப்பேன். அன்றும் சொன்னேன்.

எங்கள் ஊரில் பேச்சு நின்றுபோனால் யாராவது குளிரைப் பற்றி எதையாவது சொல்லி நிரப்பிவிடுவோம். மார்லிஸ் நிரப்பவில்லை. மாட்டுக்கு என்ன நோவு என்று பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அப்புறம் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள், ஹால் பக்கம் பார்த்தாள், படுக்கையறைக் கதவைப் பார்த்தாள்.

"இந்த வீட்டுல படியே இல்லையே" என்றாள்.

நிஜமாகவே அந்த வீட்டில் படி கிடையாது. மாடி இல்லை, கீழ்த்தளம் இல்லை, வாசலும் தரைமட்டம். எத்தனை பிள்ளைகள் வந்து கேட்டார்கள், எத்தனை பேர் 'படியில விழுந்துட்டேன்' என்பதை எழுதிக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கேயே நின்று நின்று சொன்ன எனக்கே தோன்றவில்லை.

"யாரு அடிச்சது?" என்று மார்லிஸ் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடி சும்மா நின்றாள்.

நான் சொல்ல வேண்டியது 'என் புருஷன் டாம்'; வசனத்தில் டெல்பர்ட்டுக்கு அதுதான் பெயர். என் வாயில் வந்தது வேறு.

"லைல்" என்றேன்.

லைல் என் நிஜப் புருஷன். செத்து எட்டு வருஷம் ஆயிற்று. அவன் என்னை அடித்ததை நான் என் அக்கா தங்கைகளிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னவுடனே, 'அடிப்பாவி, மூன்றாவது வாய்ப்பையும் கெடுத்துட்டியே' என்றுதான் எனக்குள் ஓடியது. நடிக்கிறவர்கள் அடித்தவன் பெயரையே மாற்றிச் சொல்லிவிட்டால் பரீட்சை அங்கேயே செல்லாது என்று விதி இருக்கிறது. ஆரினின் பேனா நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவளுக்காகவா எனக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மார்லிஸுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். 'ஐயோ ஆர்டிஸ்' என்று கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டவில்லை. இடத்தை விட்டு நகரவும் இல்லை.

"லைல் இப்ப எங்க இருக்கான்?" என்றாள்.

"செத்துட்டான்."

"அப்ப அவன் இனிமே உங்ககிட்ட வர மாட்டான். இந்த வீட்டுல இன்னும் யாராவது உங்களை அடிக்கிறாங்களா?"

நான் ஹால் பக்கம் கையைக் காட்டினேன். அவள் ரேடியோவில் இன்னொரு ஆளை வரச் சொன்னாள். போய் டெல்பர்ட்டை எழுப்பி, திருப்பி, விலங்கு மாட்டினாள். அந்த மனுஷன் ஹாலில் இருந்தே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வழிய, "நல்லா இறுக்கியே போடு" என்று அவரே கையைக் கொடுத்தார். மார்லிஸ் அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். முடிவு சொல்லும்வரை வெளியில் நிற்க வேண்டும், அதுதான் முறை.

நான் முகத்தைத் துடைத்தேன். ஊதா மை கையெல்லாம் ஆயிற்று.

"ஆரின், இதுக்காக அவளை ஃபெயில் போட்டுடாத. வசனத்தை விட்டது நான். அவ இல்ல."

"பாஸ்" என்றார். "அவ படி இல்லையேன்னு கேட்டப்பவே பாஸ்." அட்டையில் கையெழுத்துப் போட்டார். ஆனால் வெளியே போகவில்லை. என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆர்டிஸ், அந்த வசனம் நான் சொந்தமா எழுதினது இல்ல" என்றார். "நீ சொன்னது. இருபத்தெட்டு வருஷம் முன்னாடி. லைலோட ட்ரெய்லர் வீட்டுல. யாரோ போன் பண்ணி நான்தான் வந்தேன்."

எனக்கு அது நினைவில் இருந்தது. அவருக்கு இருக்கும் என்று நினைக்கவில்லை. சின்ன வயசு டெபுடி, மீசை அப்போதுதான் வளர்கிறது. லைல் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். எல்லாம் நல்லா இருக்கீங்கதானே என்று அவர் கேட்டார், படியில் விழுந்துவிட்டேன் என்றேன். பனி வழுக்கும், பார்த்து நடங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வண்டியில ஏறி ரெண்டு மைல் போனதுக்கு அப்புறம்தான் உறைச்சுது, தரையோட தரையா நின்ன அந்த ட்ரெய்லர்ல ஏது படின்னு" என்றார். "திரும்பி வரலை. கூச்சமா இருந்துச்சு. இந்த வேலைக்கு வந்ததும் அதையே வசனமா எழுதினேன். படி இல்லாத வீட்டுல. யாராவது ஒரு பிள்ளை கேக்குமான்னு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "பதினோரு வருஷமா என் வாயாலயே சொல்ல வச்சு வேடிக்கை பார்த்தியா? தினம் என் கையால சூப் வாங்கிக் குடிச்சியே, காத்து அதிகம் காத்து அதிகம்னு! பிள்ளைங்க கேக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தியே, உனக்கு வாய் இல்லையா? நீ கேட்டா என்ன?"

அவர் அட்டையைத் தரையில் வைத்தார். ஐம்பத்துமூணு வயசு மனுஷன், தலையெல்லாம் நரைத்துவிட்டது, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கு அவன் உன்னை அடிச்சானா, ஆர்டிஸ்?"

"அடிச்சான்" என்றேன். "இடது மணிக்கட்டை உடைச்சான். நீ போனதுக்கு அப்புறம் மறுபடியும் அடிச்சான்."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வேறு எதையும் சொல்லி என் வாயை அடைக்கவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். முதல் வருஷத்திலிருந்து சொன்னேன். வெளியே குளிரில் மார்லிஸ் டெல்பர்ட்டோடு காத்துக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, அவள் ஒரு தடவைகூடக் கதவைத் தட்டவில்லை.